மாஸி 35, 135 டூயல் கிளட்ச் செட்: பெரிய சாமான் சரி, சில்லறைச் சாமான்தான் வினை

மாஸி ஃபெர்குசன் 35, 135 டிராக்டர்கள் இரண்டுக்கும் பொருந்தும் என்று விற்கப்படும் டூயல் கிளட்ச் (சக்கரத்துக்கு ஒன்று, பின்னால் மாட்டும் கருவிகளைச் சுற்றும் பி.டி.ஓ. ஷாஃப்டுக்கு ஒன்று என்ற இரட்டைக் கிளட்ச்) முழு செட்டைப் பற்றிய விமர்சனம் இது. அட்டைப் பெட்டியின் மேல் தயாரிப்பாளர் பெயர் கிடையாது. பொருந்தும் மாடல்களின் பட்டியலும், அப்படியே மாட்டலாம் என்ற ஒரு வாசகமும் மட்டும் இருக்கும். உள்ளே ஐந்து உருப்படி: பி.டி.ஓ. பிளேட்டை உள்ளேயே வைத்துப் பூட்டிய பிரஷர் பிளேட் அசெம்பிளி, மெயின் கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், பிளேட்டை நடுவில் நிறுத்த ஒரு பிளாஸ்டிக் குச்சி.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பிரஷர் பிளேட்டும் மெயின் பிளேட்டும் தரமானவை, வாங்கலாம். ரிலீஸ் பேரிங்கைச் சோதித்துவிட்டுப் போடலாம். பைலட் பேரிங்கையும் பிளாஸ்டிக் குச்சியையும் ஒதுக்கிவிடுவது நல்லது. பெட்டியில் உள்ள அந்த 'அப்படியே மாட்டலாம்' வாசகத்தை மட்டும் நம்ப வேண்டாம். மேசையில் அரை நாள் வேலை வாங்காமல் இந்த செட் வண்டிக்குள் போகக் கூடாது.

இவ்வளவு கறாராகப் பார்ப்பதற்குக் காரணம் வண்டியின் அமைப்பு. 1950களின் பிற்பகுதியில் வந்த 35-ம், 1964 இறுதியில் அதன் இடத்துக்கு வந்த 135-ம் தனியாகச் சேஸிஸ் சட்டகம் இல்லாத வண்டிகள். இன்ஜின், கியர் பாக்ஸ், பின் ஹவுசிங் மூன்றும் ஒன்றோடொன்று போல்ட்டால் இணைந்து, அவையே வண்டியின் முதுகெலும்பாக நிற்கின்றன. கிளட்ச் இருப்பது இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில். அதைத் தொட வேண்டுமென்றால் வண்டியை இரண்டாகப் பிரிக்க வேண்டும். பானெட், பேட்டரி, டீசல் குழாய், ஒயரிங், ஆக்சிலரேட்டர் கம்பி, மீட்டர் கேபிள், செல்ஃப் மோட்டார், ஸ்டியரிங் ராடு, முன் ஆக்சிலிலிருந்து பின்னால் வரும் இரு பக்கத் தாங்கு கம்பிகள் எல்லாம் கழன்றாக வேண்டும். நூறு ரூபாய் பேரிங்கோ ஆயிரம் ரூபாய் பிளேட்டோ, எது கெட்டாலும் வேலை இதேதான். அதனால் இந்த செட்டில் மலிவான சாமான்தான் மிகவும் விலையுயர்ந்த சாமான்.

வாங்குவதற்கு முன் ஒரு கேள்வி: கிளட்ச் உண்மையிலேயே போய்விட்டதா? வழுக்குகிறது என்று செட் வாங்குகிறவர்களில் பலர் பெடலின் ப்ளேயை, அதாவது இறுகும் முன் பெடல் சும்மா ஆடும் தூரத்தை, பார்ப்பதில்லை. பிளேட்டின் லைனிங் (உராயும் பகுதி) தேயத் தேய பிரஷர் பிளேட் பிளைவீல் (இன்ஜினின் பின்முனையில் சுற்றும் கனச் சக்கரம்) பக்கம் நகரும், அதன் ஃபிங்கர்களின் (ரிலீஸ் பேரிங் அமுக்கும் சிறு நெம்புகோல்கள்) நுனிகள் எதிர்ப்பக்கம், அதாவது ரிலீஸ் பேரிங்கை நோக்கி வரும். பெடலில் இருந்த ப்ளே அப்படித்தான் குறைகிறது. ப்ளே முழுக்கத் தீர்ந்த பிறகு பேரிங் ஃபிங்கர் மேலேயே உட்கார்ந்துவிடும். பெடலில் கால் வைக்காமலே கால்வாசி மிதித்த நிலையில் வண்டி ஓடும். அந்த நிலையில் ப்ளேயைச் சரிசெய்தாலே வழுக்கல் நின்றுவிடக்கூடும். கையால் பெடலை அமுக்கிப் பார்த்தால், ஸ்பிரிங்கின் எதிர்ப்பு வருவதற்கு முன் லேசாக ஆடும் தூரம் தெளிவாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் முதலில் அதைச் சரிசெய்து ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள்.

எதிர்ப்பக்கக் கோளாறு, கிளட்ச் பிடித்துக்கொள்வது. பெடலை முழுக்க மிதித்தும் கியர் கறகறக்கிறது என்றால் லைனிங் போனது என்று அர்த்தமில்லை. மாதக்கணக்கில் நின்ற வண்டியில் மெயின் பிளேட் துருவேறி பிளைவீலோடு ஒட்டிக்கொள்ளும். இது செட் மாற்றாமல் தீரக்கூடியது: பெடலை முழுக்க மிதித்து ஒரு கட்டையால் அதே நிலையில் நிறுத்தி, இன்ஜினை நன்றாகச் சூடேற்றி, திறந்த வெளியில் மேல் கியரில் ஓட்டி, ஆக்சிலரேட்டரை விட்டு விட்டுக் கொடுத்தால் பெரும்பாலும் விட்டுவிடும். ஆனால் பிரேக் நன்றாக இருக்க வேண்டும், முன்னால் ஆளோ சுவரோ இருக்கக் கூடாது. கியரில் நிற்கும் வண்டியைச் செல்ஃப் போட்டு எழுப்பும்போது அது உடனே பாயும் என்பதை மறக்க வேண்டாம்.

செட்டை ஆர்டர் செய்யும்போது வரும் முதல் வில்லங்கம் அளவு. 35-இல் சாதாரண வகைக்கு ஒற்றைக் கிளட்ச், டீலக்ஸ் வகைக்கு டூயல் கிளட்ச். 135-இலும் வகைக்கு வகை பிளேட்டின் விட்டம் மாறும். கியர் பாக்ஸிலிருந்து வந்து பிளேட்டுக்குள் நுழையும் ஷாஃப்ட்டின் பல் வெட்டும் மாறும். அகலமான பத்துப் பல் உள்ள ஷாஃப்ட் உண்டு, அதைவிட நெருக்கமான நுண்பல் உள்ளதும் உண்டு. ஐம்பது, அறுபது வருடம் ஓடிய வண்டியில் யாரோ எப்போதோ கியர் பாக்ஸை மாற்றியிருக்கவும் கூடும். அதனால் தகட்டில் அடித்த மாடல் நம்பரை மட்டும் நம்பி வாங்கினால் பிசகும். வண்டியைப் பிரித்துவிட்டு, பழைய பிளேட் இரண்டின் வெளி விட்டம், நடு ஓட்டையின் விட்டம், பல்லின் எண்ணிக்கை மூன்றையும் அளந்து எழுதிக்கொண்டு அதன் பிறகு வாங்குவதே சரியான வரிசை. வண்டி இரண்டு நாள் கூடுதலாகக் கொட்டகையில் நிற்கும், நிற்கட்டும்.

வண்டியில் இருப்பது ஒற்றையா டூயலா என்று பிரிக்காமலே தெரிந்துகொள்ள வழி உண்டு. பி.டி.ஓ. ஓடும்போது பெடலைப் பாதி மிதியுங்கள். வண்டி நின்று பி.டி.ஓ. ஓடிக்கொண்டிருந்தால் டூயல். முழுக்க மிதித்தால்தான் பி.டி.ஓ.-வும் நிற்கும். இந்த இரண்டு கட்டமும் சரியாகப் பிரிந்து வேலை செய்வதுதான் டூயல் கிளட்சின் முழு நோக்கம். நாம் வாங்கும் செட்டின் தரத்தைத் தீர்மானிப்பதும் அதே இரண்டு கட்டம்தான்.

இனி சாமான்களைப் பார்க்கலாம். மெயின் கிளட்ச் பிளேட் நன்றாகவே இருக்கிறது. லைனிங் ஒரே நிறத்தில், விளிம்பு உதிராமல் இருக்கிறது. ரிவெட் தலைகள் லைனிங் மட்டத்துக்குக் கீழே ஒரு மி.மீ.-க்கும் மேல் ஆழத்தில் உட்கார்ந்திருக்கின்றன. நடு ஹப்பின் பல் வெட்டில் மட்டும் பிசிறு இருக்கிறது. வண்டியிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஷாஃப்டிலேயே பிளேட்டைப் போட்டுப் பாருங்கள். ஒரு விரலால் தள்ளினால் கடைசி வரை வழுக்கிக்கொண்டு போக வேண்டும். எங்காவது திக்கினால், அந்தப் பல்லின் ஓரத்தை மெல்லிய அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்தால் போதும். திக்கும் பிளேட்டை அப்படியே போட்டால் பெடல் மிதித்தபோது அது பிளைவீலை விட்டுப் பின்வாங்காது. புதுக் கிளட்ச் போட்ட வண்டியில் கியர் கறகறப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பல்லில் கிரீஸ் பூசுவதென்றால் விரல் நுனியில் தொட்டு, துணியால் துடைத்த பிறகு மிஞ்சும் பளபளப்பு அளவு மட்டும். அதற்கு மேல் போனால் சுற்றும் வேகத்தில் அது லைனிங்குக்குத்தான் தெறிக்கும்.

பிளேட்டின் முன் பின் பக்கம் பார்ப்பதும் அவசியம். தப்பாகத் திருப்பிப் போட்டால் ஹப்பின் உயர்ந்த பகுதி பிளைவீலின் போல்ட் தலையில் உரசும். பழைய பிளேட்டைக் கழற்றும்போதே அதன் பிளைவீல் பக்கத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவைத்தால் இந்தக் குழப்பமே வராது.

பிரஷர் பிளேட் அசெம்பிளி கனமான சாமான், வார்ப்பும் சுத்தம். உராயும் முகங்களில் துரு பிடிக்காமல் இருக்கப் பூசிய எண்ணெய்ப் படலம் தடிமனாக இருக்கிறது. இதைத் துடைக்காமல் மாட்டினால் புது லைனிங் முதல் சூட்டிலேயே அதைக் குடித்துவிடும். தின்னரில் நனைத்த துணியால் துடைத்து, துணி வெள்ளையாகவே வரும்வரை விடக் கூடாது. உள்ளே இருக்கும் பி.டி.ஓ. பிளேட்டின் இரு பக்க முகத்தையும் துணியால் எட்ட முடியாது. கிளட்ச் கிளீனரைத் தெளித்து, சாய்த்து வடிய விட்டுக் காய வைக்க வேண்டும். டீசலிலோ மண்ணெண்ணெயிலோ முக்குவது கூடாது, லைனிங் அதை உறிஞ்சிக்கொள்ளும்.

பி.டி.ஓ. பிளேட் கவருக்குள் ஏற்கெனவே ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் இறுகி வருகிறது. அதன் மையம் சற்றே விலகி இருந்தாலும் கையால் தட்டி நகர்த்த முடியாது. ஃபிங்கர்களைப் பிரஸ்ஸில் அமுக்கி, அழுத்தத்தை விட்ட பிறகுதான் நகரும். இந்த செட்டில் மையம் சரியாகவே பிடித்திருக்கிறது. ஆனாலும் மாட்டுவதற்கு முன் பார்த்துவிட வேண்டிய இடம் இது. பி.டி.ஓ. ஷாஃப்ட் உள்ளே வெற்றிடமான குழாய் ஷாஃப்ட், அதன் உள்ளே மெயின் ஷாஃப்ட் ஓடுகிறது. இரண்டும் ஒரே நடுக்கோட்டில் இருந்தால்தான் வண்டி மீண்டும் சேரும்.

செட்டின் உண்மையான குறை ஃபிங்கர் உயரத்தில் இருக்கிறது. தயாரிப்பாளர் ஃபிங்கர்களை ஏதோ ஒரு உயரத்தில் நிறுத்தி, லாக் நட்டை விரலால் திருகும் அளவுக்கு மட்டும் இறுக்கி அனுப்புகிறார். அதைச் சரிபார்க்க ஒரே வழி, பிளைவீலில் புது மெயின் பிளேட்டை வைத்து, கவரை முழுக்க இறுக்கி, டெப்த் கேஜால் மூன்று ஃபிங்கரையும் ஒரே ஆதாரத்திலிருந்து அளப்பது. பழைய பிளேட்டை வைத்து அளந்தால் கணக்கு தப்பும். பிளேட்டின் தடிமன் மாறினால் ஃபிங்கர் நுனியின் இடமும் மாறும்.

எத்தனை மி.மீ. இருக்க வேண்டும் என்பதை அந்த வண்டியின் கையேட்டிலிருந்து எடுக்க வேண்டும், வகைக்கு வகை வேறு. ஆனால் எந்த வகையிலும் பொதுவாகப் பொருந்துவது ஒன்று: மூன்றும் ஒன்றோடொன்று ஒத்திருக்க வேண்டும். மூன்றுக்கும் நடுவே அரை மி.மீ. வித்தியாசத்தைக் கடந்தால் ரிலீஸ் பேரிங் ஒரு ஃபிங்கரை முதலில் அமுக்கும், பிரஷர் பிளேட் ஒரு பக்கம் சாய்ந்து எழும். மெயின் பிளேட்டின் ஒரு ஓரம் இன்னும் பிடியில் இருக்கும்போதே பெடல் தரையைத் தொட்டுவிடும். கிளம்பும்போது வண்டி வெட்டி வெட்டிக் குதிப்பதும், கியர் பாதி ஏறுவதும் இதனால்தான். திருகைக் கால் சுற்று வீதம் திருப்பி அளந்து, மீண்டும் திருப்பி அளந்து, மூன்றும் சேர்ந்த பிறகு லாக் நட்டை இறுக்குங்கள். இறுக்கிய பிறகு மறுபடியும் ஒருமுறை அளக்க வேண்டும், இறுக்கும்போது திருகும் சேர்ந்து நகர்வது வாடிக்கை.

அடுத்தது பி.டி.ஓ. இடைவெளி. கவரின் மூன்று இடத்தில், மெயின் பிரஷர் பிளேட்டோடு சேர்ந்து பின்வாங்கும் திருகுகளின் தலைக்கும் பி.டி.ஓ. பிரஷர் பிளேட்டுக்கும் நடுவே ஒரு இடைவெளி விட்டிருக்கும். 35, 135 வகைகளில் பொதுவாக இது 2 மி.மீ. அளவு, அங்குலக் கணக்கில் 0.080. பெடலின் முதல் பாதியில் மெயின் பிரஷர் பிளேட் பின்வாங்கி இந்த இரண்டு மி.மீ. தூரத்தைக் கடக்கிறது. அதற்குள் மெயின் பிளேட் முழுக்க விடுபட்டுவிட வேண்டும். தூரம் தீர்ந்து திருகின் தலை மோதிய பிறகு, அதே அசைவு பி.டி.ஓ. பிளேட்டையும் விடுவிக்கிறது. எளிமையான ஏற்பாடு, ஆனால் இந்த மூன்று இடைவெளியும் சமமாக இருந்தால் மட்டும்.

பரிசோதித்த செட்டில் மூன்றில் இரண்டு சமமாகவும் ஒன்று இறுக்கமாகவும் இருந்தது. இப்படி இருந்தால் பி.டி.ஓ. பிளேட் கோணலாக விடுபடும், லைனிங் ஒரு பக்கமாகத் தேயும். மூன்றுமே குறைவாக இருந்தால் ரோட்டவேட்டரோ அறுவடைக் கருவியோ ஓடும்போது கியர் மாற்ற மிதித்தவுடன் பி.டி.ஓ.-வும் சேர்ந்து நின்றுவிடும். மூன்றுமே கூடுதலாக இருந்தால் பெடல் தரையைத் தொட்டாலும் பி.டி.ஓ. நிற்காது, லீவரைப் போடும்போது பல் அரைபடும். சரிசெய்யக் கருவி பெரிதாக ஒன்றும் வேண்டாம்: ஒரு 2 மி.மீ. தகடு அல்லது அடுக்கிய ஃபீலர் கேஜ், ஒரு ஸ்பானர். தகடு மெல்லிய தடையோடு உள்ளே போய் வர வேண்டும். கிளட்ச் ஹவுசிங்கில் கை நுழையும் சிறு மூடி உள்ள வண்டிகளில் இதைப் பிறகும் சரிசெய்யலாம். ஆனால் முதுகு வளைத்து, கண்ணாடியும் டார்ச்சும் வைத்துச் செய்யும் வேலை அது. மேசையில் பத்து நிமிடம்.

இப்போது சில்லறைச் சாமான். பைலட் பேரிங் பிளைவீலின் நடுவில் உட்கார்ந்து, மெயின் ஷாஃப்டின் முன் நுனியைப் பிடிக்கிறது. செட்டில் வருவது திறந்த பேரிங், உள்ளே கிரீஸ் ஏறக்குறைய இல்லை. பெடலை மிதித்து நிறுத்தியிருக்கும் நேரமெல்லாம் இதுதான் தனியாகச் சுற்றுகிறது, வருடக்கணக்கில் யாரும் தொட முடியாத இடத்தில். காய்ந்தால் கீச்சிடும், இறுகினால் ஷாஃப்டையும் சேர்த்துச் சுற்றி கியரைக் கறகறக்க வைக்கும். பழைய பேரிங்கின் நம்பரைப் பார்த்து, இரு பக்கமும் ரப்பர் மூடிய அதே அளவு பேரிங்கைத் தனியாக வாங்கிப் போடுங்கள். பழையதை எடுக்கப் புல்லர் இல்லாவிட்டால், பேரிங்கின் ஓட்டைக்குப் பின்னால் கிரீஸை அடைத்து, ஓட்டைக்குச் சரியாகப் பொருந்தும் இரும்புத் தண்டை உள்ளே விட்டுச் சுத்தியால் தட்டினால், கிரீஸின் அழுத்தமே பேரிங்கைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வரும். கிரீஸ் பக்கவாட்டில் கசிந்தால் ஒரு துணித் துண்டைத் தண்டின் நுனியில் சுற்றித் தட்டுங்கள். ஓட்டை முழுக்கத் திறந்திருந்து கிரீஸ் பின்னால் ஓடிவிடும் வகையில் இந்த வேலை நடக்காது.

ரிலீஸ் பேரிங் சத்தமில்லாமல், அலைவில்லாமல் சுற்றுகிறது. அதை ஸ்லீவில் ஏற்றும்போது சுத்தியால் நேரடியாக அடிக்காமல், உள் வளையத்தில் உட்காரும் குழாயை வைத்து அழுத்தி ஏற்றுவது முக்கியம். சீல் செய்த பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவும் பழக்கம் இன்னும் பல பட்டறைகளில் உண்டு. உள்ளே இருக்கும் கிரீஸைக் கரைத்துவிட்டு ஒரு வருடத்தில் வண்டியை மறுபடியும் பிரிக்கும் பழக்கம் அது. பேரிங்கைத் தள்ளும் ஃபோர்க், அது உட்காரும் குறுக்கு ஷாஃப்ட், இரு பக்கத்துப் புஷ் மூன்றையும் ஆட்டிப் பார்க்கவும் இதுவே சமயம். புஷ் தேய்ந்த வண்டியில் ஃபோர்க் சாய்ந்து தள்ளும், நீங்கள் மூன்று ஃபிங்கரையும் சமப்படுத்திய உழைப்பெல்லாம் வீணாகும்.

பிளாஸ்டிக் குச்சியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நுனி பைலட் பேரிங்கில் ஆடுகிறது. கவரின் கனத்தை வாங்கினால் வளைகிறது. பிளேட் அரை மி.மீ. கீழே உட்கார்ந்துவிடும், வண்டியைச் சேர்க்கும்போதுதான் தெரியும். அதே பல் வெட்டுள்ள உபயோகமற்ற பழைய மெயின் ஷாஃப்ட் கிடைத்தால் அதைவிடச் சிறந்த கருவி கிடையாது. கிடைக்காவிட்டால் லேத்தில் மூன்று படி உள்ள ஒரு இரும்புத் தண்டைக் கடைந்துகொள்ளுங்கள்: நுனி பைலட் பேரிங்கின் உள் விட்டத்துக்கு, அடுத்த படி மெயின் பிளேட்டின் ஹப்புக்கு, கடைசிப் படி பி.டி.ஓ. ஹப்புக்கு.

கவர் போல்ட்டை இறுக்கும்போது அந்தத் தண்டு உள்ளேயே இருக்கட்டும். எதிரெதிர் போல்ட்டை அரைச் சுற்று வீதம், சுற்றி வந்து இறுக்க வேண்டும். ஒரு பக்கம் முழுக்க இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் கவரின் விளிம்பு வளைந்துவிடும், வெளியில் பார்த்தால் தெரியாது. இந்த வண்டிகளில் போல்ட் அங்குல மரை. பெட்டியில் மரை போல்ட் வருவதில்லை. மில்லிமீட்டர் மரை போல்ட்டை வலுக்கட்டாயமாகத் திருகி பிளைவீலின் மரையைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

செட் எவ்வளவு நல்லதானாலும், அது போய் உட்காரும் இடம் கெட்டிருந்தால் பயனில்லை. பிளைவீலின் முகத்தில் நீலத் திட்டுகளும் மயிரிழை விரிசல்களும் தெரிந்தால் லேத்தில் முகம் எடுக்க வேண்டும். இங்கே ஒரு நுணுக்கம். உராயும் முகம் உள்ளே இறங்கியும் கவர் உட்காரும் விளிம்பு உயர்ந்தும் இருக்கும் பிளைவீலாக இருந்தால், முகத்தில் எத்தனை எடுக்கிறார்களோ அத்தனையை விளிம்பிலும் எடுக்க வேண்டும். முகத்தை மட்டும் ஒரு மி.மீ. எடுத்துவிட்டால் ஸ்பிரிங்கின் அழுத்தம் குறையும், ஃபிங்கர் உயரமும் மாறும், புதுக் கிளட்ச் முதல் பருவத்திலேயே வழுக்கும். லேத்காரரிடம் இதை வாயால் சொல்லாமல் சீட்டில் எழுதிக் கொடுங்கள்.

எண்ணெய்க் கசிவைத் தடுக்காமல் புது செட்டைப் போடுவது, ஒழுகும் கூரையின் கீழ் புது மெத்தை போடுவதுதான். பழைய பிளேட்டில் கருத்த எண்ணெய் இருந்தால் அது இன்ஜினின் பின் சீலிலிருந்து வருவது. இந்த வண்டிகள் பலவற்றில் வந்த பெர்கின்ஸ் 3.152 டீசல் இன்ஜினின் பழைய வகையில் அந்த இடத்தில் இரண்டு பாதியாக வரும் ஹவுசிங்கில் கயிறு சீல்தான் இருக்கும். வெளிர் நிற எண்ணெய் என்றால் கியர் பாக்ஸ் பக்கம். அங்கே இரண்டு சீல்: பி.டி.ஓ. குழாய் ஷாஃப்டைச் சுற்றி ஒன்று, குழாய்க்கும் மெயின் ஷாஃப்டுக்கும் நடுவில் இன்னொன்று. வெளியில் தெரிவதை மட்டும் மாற்றிவிட்டு உள்ளே இருப்பதை விடுவது பரவலான தவறு. கிளட்ச் ஹவுசிங்கின் அடியில் உள்ள சிறு ஓட்டையில் ஒரு ஸ்பிளிட் பின் தொங்கும். அது எப்போதும் லேசாக ஆட வேண்டும், சேறு அடைத்து இறுகினால் கசியும் எண்ணெய் வெளியேற வழியில்லாமல் பிளேட்டில் ஏறும்.

பிரிக்கும்போது உள்ளே படிந்திருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது, அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு. தண்ணீர் தெளித்து நனைத்து, துணியால் துடைத்து, துணியைக் கட்டி அப்புறப்படுத்துங்கள். முகக் கவசமும் வேண்டும்.

பிரித்த வண்டி ஆடாமல் நிற்க முன் ஆக்சிலுக்கும் அதன் மேல் உள்ள தாங்கிக்கும் நடுவே இரு பக்கமும் மர ஆப்பு அடித்திருக்க வேண்டும். முன் ஆக்சில் நடுவில் ஒரே அச்சாணியில் ஆடுவது, ஆப்பு இல்லாவிட்டால் கழன்ற இன்ஜின் ஒரு பக்கம் சாயும். பின் பாதிக்குக் கியர் பாக்ஸின் அடியில் உறுதியான ஸ்டாண்டு. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை விடக் கூடாது.

சேர்ப்பதில்தான் நல்ல செட்டுகள் பல சாகின்றன. இரண்டு நீண்ட போல்ட்டின் தலையை அறுத்து, வழிகாட்டும் கம்பியாக எதிரெதிர் மரையில் போட்டுக்கொள்ளுங்கள். முதலில் உள் ஷாஃப்ட் பி.டி.ஓ. ஹப்பைத் தாண்டி மெயின் பிளேட்டின் பல்லைத் தேடும். கியரைப் போட்டுப் பின் சக்கரத்தை மெல்லச் சுற்றினால் அது சிக்கும். அடுத்து குழாய் ஷாஃப்ட் பி.டி.ஓ. ஹப்பின் பல்லைத் தேடும். பி.டி.ஓ. லீவரை இன்ஜினோடு இணைக்கும் நிலையில் வைத்து, பின்னால் உள்ள பி.டி.ஓ. ஷாஃப்டைக் கையால் சுற்றுங்கள். இந்த வண்டிகளில் சக்கர வேகத்தோடு ஓடும் இன்னொரு நிலையும் உண்டு, லீவர் அதில் இருந்தால் எவ்வளவு சுற்றினாலும் பல் கிடைக்காது. கடைசி ஓரிரு அங்குலத்தில் வண்டி நின்றுவிட்டால், பொறுமை இழந்து போல்ட் போட்டு இழுக்கிறவர்கள் உண்டு. அப்படி இழுத்தால் பிளேட்டின் ஹப் வளையும், தகடு ரிவெட்டில் பிய்யும். வண்டி சேர்ந்துவிடும், ஆனால் கிளட்ச் விடாது. நின்றால் பின்னுக்கு இழுத்து, இரு பாதியின் உயரத்தையும் சாய்வையும் ஜாக்கியால் சரிசெய்து மறுபடி முயலுங்கள். சரியாக வந்தால் இரு ஹவுசிங்கும் கை பலத்திலேயே முகத்தோடு முகம் வந்து ஒட்டும்.

பெடல் ப்ளேயைக் கையேட்டின்படி வைத்துவிட்டு, இன்ஜினை மெதுவான ஓட்டத்தில் விட்டுச் சோதியுங்கள். பாதி மிதித்து மூன்று வினாடி காத்து முதல் கியரைப் போட்டால் சத்தம் வரக் கூடாது, பி.டி.ஓ. ஓடிக்கொண்டிருக்க வேண்டும். முழுக்க மிதித்தால் பி.டி.ஓ. நின்றுவிட வேண்டும். முதல் சில மணி நேரம் பளு குறைந்த வேலை கொடுங்கள், நிறைய முறை நிறுத்திக் கிளப்புங்கள். லைனிங் முகம் படியும்போது ப்ளே சற்றுக் குறையும், பத்து மணி நேரம் ஓடிய பிறகு ஒருமுறை மீண்டும் பார்த்துவிடுங்கள்.

முழு செட்டுக்குப் பதில் பழைய கவரையே வைத்துக்கொண்டு லைனிங் மட்டும் புதிதாக அடிப்பது எப்போது சரி? வார்ப்பில் விரிசல் இல்லாமல், பிரஷர் பிளேட்டின் முகம் சமமாக, ஃபிங்கரின் அச்சாணி ஓட்டைகள் நீள்வட்டமாகத் தேயாமல் இருந்தால் பழையதே இந்தப் புது செட்டைவிட நன்றாக ஓடும், ஸ்பிரிங்குகளை மட்டும் மொத்தமாக மாற்றிவிட வேண்டும். மூன்று ஸ்பிரிங்கை மட்டும் மாற்றுவது வேண்டாம், பழையது அமுங்கியிருக்கும், அழுத்தம் கோணலாகும். ஓட்டைகள் தேய்ந்திருந்தால் யோசிக்க வேண்டாம், செட்டை வாங்குங்கள். செட் வாங்குவோர் அதோடு சேர்த்து வாங்க வேண்டியவை: ரப்பர் மூடிய பைலட் பேரிங் ஒன்று, இன்ஜினின் பின் சீல், கியர் பாக்ஸ் முன் சீல் இரண்டு, ஃபோர்க் ஷாஃப்டின் புஷ் இரண்டு, கிளட்ச் கிளீனர் இரண்டு டப்பா.